தறிக்குடோனுக்கு அடுத்த அறையில் அப்பாவுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

தறிவீட்டு மகள் (பல்லடம் வட்டாரம்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் இருக்கிறோம். அப்பா முப்பத்திரண்டு ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். இப்போது தறிகளைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். அப்பா காலையில் ஒரு முறை குடோனுக்குள் போய், எங்காவது இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதோடு சரி. மீதி நேரம் அவருக்குத் துணை பாட்டுதான். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் பழைய பதிவுகளும் நாதசுரக் கச்சேரிகளும் ஓடிக்கொண்டிருந்தால் வேறு எதுவும் கேட்கமாட்டார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் ஐந்து சிறு ஸ்பீக்கர்களும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு பெரிய ஊஃபர் பெட்டியும் சேர்ந்த ஹோம் தியேட்டர் ஒன்றை வாங்கினோம். அட்டைப் பெட்டியின் மேல் பல ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்டிருந்தது. வீட்டில் வைத்த நாளிலிருந்தே ஊஃபர் மட்டும் தரையை அதிரச் செய்கிறது, பாடுகிறவரின் குரல் எங்கோ பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. அப்பா சொன்னது இன்னும் என் மனத்தில் நிற்கிறது: "பாட்டு கேட்கிறது கண்ணு, சொல் கேட்கவில்லை."

இந்த முறை தெரிந்துகொண்டு வாங்க விரும்புகிறேன். ஆம்ப்ளிஃபயர், வயர் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். ஸ்பீக்கர் வைக்கப் போகும் ஆசாரம் (கூடம்) 11 அடி அகலம், 16 அடி நீளம், 10 அடி உயரம். கான்கிரீட் கூரை, வழவழப்பான டைல்ஸ் தரை, சுவரில் இரண்டு நாட்காட்டிகளைத் தவிர ஒன்றுமில்லை. நீளச் சுவர்களில் ஒன்றுக்கு அந்தப் பக்கம்தான் குடோன் இருக்கிறது. ஆனாலும் அப்பா பெரும்பாலும் தறி நின்ற பிறகு இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான் பாட்டுக் கேட்பார். பாட்டு கைப்பேசியிலிருந்து வரும். அவர் சில நேரம் கயிற்றுக் கட்டிலிலும் சில நேரம் தரையிலும் உட்காருவார். எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

நொய்யல்கரை (கோவை)

வணக்கம் சகோதரி. உங்கள் அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் நீங்கள் எதைத் தேட வேண்டும் என்பது முழுவதும் இருக்கிறது. ஐந்து ஸ்பீக்கர் வேண்டாம், தனி ஊஃபர் பெட்டி இப்போதைக்கு வேண்டாம். குரலைத் தெளிவாகச் சொல்லும் நல்ல ஸ்பீக்கர்கள் இரண்டே இரண்டு வாங்கி, அவற்றைச் சரியான இடத்தில் வையுங்கள். ஒரே தொகையை ஆறு பெட்டிகளுக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சொற்பம்தான்.

வாட் கணக்கை முதலில் தள்ளிவிடலாம். பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. விற்கிறவர் விரும்பிய எண்ணை அச்சிடலாம். தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறனைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட் என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். அதைவிட முக்கியமானது சென்சிட்டிவிட்டி எனப்படும் அளவு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி வருகிறது என்பதை அது சொல்கிறது. 87 டெசிபல் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களை எட்டு அடி தொலைவில் உட்கார்ந்து கேட்டால், தொலைவினால் குறைவதையும் இரண்டு சேர்வதனால் கூடுவதையும் கணக்கிட்ட பிறகு, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஏறத்தாழ 82 டெசிபல் காதுக்கு வந்து சேரும். வீட்டில் அது உரத்த ஒலிதான். ஒலி மூன்று டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்காக வேண்டும், பத்து டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்காக வேண்டும் என்பதால், 20 முதல் 40 வாட் நேர்மையாகக் கொடுக்கும் சிறிய ஆம்ப்ளிஃபயர் உங்கள் ஆசாரத்துக்குத் தாராளம். ஒரு எச்சரிக்கை: பல நிறுவனங்கள் இந்த அளவை ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து எடுக்கின்றன. மின்தடை 8 ஓம்ஸ் உள்ள ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட், 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு இரண்டு வாட். ஆகவே 4 ஓம்ஸ் ஸ்பீக்கரின் எண் மூன்று டெசிபல் கூடுதலாகத் தெரிந்தால் மயங்க வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, நான்கு முதல் ஆறரை அங்குல ஊஃபரும் உச்ச ஒலிக்கான ஒரு ட்வீட்டரும் உள்ள மேசைப் பெட்டியே போதும். குரலுக்குப் பெரிய பெட்டி வேண்டுமென்பது பலருக்கும் உள்ள தவறான எண்ணம். பிபிசி நிறுவனம் 1970-களில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்குள் வைத்துக் கேட்பதற்காக எல்.எஸ். 3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தது. அது ஓர் அடி உயரமே உள்ள, ஐந்து அங்குல ஊஃபர் கொண்ட பெட்டி. அறிவிப்பாளரின் குரல் இயல்பாக வருகிறதா என்று கேட்டறிய அதையே நம்பினார்கள்.

உங்கள் தொகைக்குள் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஜோடி. எடிஃபையர் ஆர்1280டிபி இந்த வகை. நான்கு அங்குல ஊஃபர், 13 மில்லிமீட்டர் ட்வீட்டர், இரண்டும் சேர்த்து 42 வாட் ஆர்.எம்.எஸ்., புளூடூத்தும் உண்டு. கைப்பேசியை இணைத்தால் பாட்டு வந்துவிடும், அப்பாவும் தனியாகவே இயக்கிக்கொள்வார். இரண்டாவது வழி, தனி ஸ்பீக்கர், தனி ஆம்ப்ளிஃபயர். எலாக் டெபூ பி5.2, வார்ஃப்டேல் டயமண்ட் 12.1 ஆகியவை குரலுக்கு நல்லவை. புதிதாக வாங்கினால் ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துத் தொகை மீறிவிடலாம், கைமாறி வந்தால் பார்க்கலாம். டிபிஏ3116 சிப் வைத்த கையடக்க ஆம்ப்ளிஃபயர்கள் மலிவாகக் கிடைக்கின்றன, 24 வோல்ட் நல்ல அடாப்டரோடு அவை இந்த வேலையைச் செவ்வனே செய்யும்.

எதை வாங்கினாலும் பாதிக்குப் பாதி அறையின் கையில்தான் இருக்கிறது. ஆசாரத்தின் நடுவில் நின்று ஒரு முறை கையைத் தட்டிப் பாருங்கள். கிணீரென்று ஓர் அதிர்வு தொடர்ந்தால், சொல்லின் முனையை மழுக்குவது அந்த எதிரொலிதான். ஸ்பீக்கர்களை 11 அடிச் சுவர்ப் பக்கம், சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால், ஒன்றுக்கொன்று ஆறடி இடைவெளியில் வைத்து, அப்பா ஏழெட்டு அடி தள்ளி நடுவில் உட்காரட்டும். மூலையில் வைக்கவே வேண்டாம். 16, 11, 10 அடி என்ற உங்கள் அளவுகளுக்கு ஏறத்தாழ 35, 51, 57 ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த ஒலிகளில் அறை தானாகவே முழங்கும். மூலையில் வைத்த பெட்டி அந்த முழக்கத்தை இன்னும் ஊதிப் பெரிதாக்கும். உங்கள் பழைய ஊஃபர் பெட்டி மூலையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தரையில் பவானி ஜமக்காளம் விரிக்கச் சொல்வார்கள். விரியுங்கள், ஆனால் மெல்லிய பருத்தி விரிப்பு உச்ச ஒலிகளை மட்டுமே சற்று உறிஞ்சும். உங்கள் ஊரில் கழிவுப் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. நான்கு அங்குலத் தடிப்பில் இரண்டு பஞ்சு மெத்தைகள் தைத்து, ஒன்றை அப்பாவுக்குப் பின்சுவரிலும் இன்னொன்றைப் பக்கச் சுவரிலும் சாய்த்து வைத்தால், விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

கோபி ரேடியோக்காரர் (கோபிசெட்டிபாளையம்)

அம்மணி, நான் 1980-களிலிருந்து ரேடியோவும் டேப்ரெக்கார்டரும் பழுது பார்த்து வருகிறேன். 4440 ஐசி வைத்து எத்தனை ஆம்ப்ளிஃபயர்கள் கட்டிக் கொடுத்தேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. அந்த ஐசி ஒரு பக்கத்துக்கு 6 வாட்தான் கொடுக்கும். ஆனாலும் தோட்டத்துச் சாளையில் வைத்தால் வாய்க்கால் வரை பாட்டுக் கேட்கும். மேலே நொய்யல்கரைத் தம்பி சொன்ன வாட் கணக்கை நான் கையால் கட்டி அறிந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

உள்ளூரில் அசெம்பிள் செய்து தரும் செட்டுகளை ஒரேயடியாக ஒதுக்கிவிட மாட்டேன். நல்ல டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக் கட்டிய ஆம்ப்ளிஃபயர் இருபது ஆண்டுகள் உழைக்கும், பழுதானால் அடுத்த தெருவிலேயே சரி செய்துகொள்ளலாம். ஆனால் ஸ்பீக்கர் பெட்டி வேறு கதை. ஊஃபருக்கு எத்தனை லிட்டர் கொள்ளளவு வேண்டும், காற்றுத்துளைக் குழாய் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் வெளியிட்டதும் பிறகு ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கியதுமான அந்தக் கணக்கைப் பார்க்காமல், கிடைத்த பிளைவுட்டுக்கு ஏற்ப அறுத்து ஒட்டிய பெட்டிகளைத்தான் நாங்கள் பலரும் செய்தோம். ட்வீட்டருக்கு ஒரு கண்டென்சர் (மின்தேக்கி) மட்டும் போட்டு, ஊஃபருக்கு எதுவும் போடாமல் விட்டுவிடுவோம். ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சரியாக இல்லாவிட்டால் முதலில் கெடுவது பாடுகிறவரின் குரல்தான். கம்பெனிப் பெட்டியில் நீங்கள் காசு கொடுப்பது இந்தக் கணக்குக்காகத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பெட்டியின் பக்கவாட்டை விரல் முட்டியால் தட்டுங்கள், தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவது போல. டொம்மென்று காலிப் பெட்டிச் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். கெட்டியாக, சுருக்கமாக ஒலிக்க வேண்டும். பழையது வாங்குவதாக இருந்தால் ஊஃபரைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோமா ரப்பரா என்று பாருங்கள். ஃபோம் சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும், ரப்பர் நெடுநாள் நிற்கும்.

ஸ்டாண்டுக்கு விலை கொடுக்காதீர்கள். பக்கத்து வெல்டிங் பட்டறையில் அடியில் கனமான தகடும் மேலே ஒரு தட்டும் வைத்த இரும்புக் குழாய்த் தாங்கிகள் இரண்டு செய்யச் சொல்லி, குழாய்க்குள் காய்ந்த மணலை நிரப்பி அடைத்துவிடுங்கள். மணல் குழாயின் ரீங்காரத்தை அடக்கிவிடும். உயரத்தை அளந்து சொல்ல வேண்டியவர் நீங்கள். அப்பா எங்கே அதிக நேரம் உட்காருகிறாரோ அந்த இடத்தில் அவருடைய காது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, ட்வீட்டரும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். தரையிலும் கட்டிலிலும் மாறி மாறி உட்காருவார் என்றால் கட்டில் உயரத்துக்குச் செய்து, தரையில் உட்காரும்போது பெட்டியின் பின்னடியில் ஒரு மரத்துண்டைச் செருகி முகத்தைச் சற்றுக் கீழே சாய்த்துவிடலாம்.

வயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். ஐந்து மீட்டர் போய்த் திரும்பினாலும் அதன் தடை 0.12 ஓம்ஸ் அளவுதான். ஆறு எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்ப்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று மாறிவிட்டால் ஒரு ஊஃபர் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டால் ஊஃபர் முன்னால் வர வேண்டும்.

இதை அறிய இன்னோர் அழகான வழியும் உண்டு. சுந்தராம்பாள் அம்மையாரின் பழைய பதிவுகள் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். எல்லாம் சரியாக இருந்தால், அவருடைய குரல் இடப் பெட்டியிலிருந்தும் வராது, வலப் பெட்டியிலிருந்தும் வராது. இரண்டுக்கும் நடுவே, வெறும் சுவர் இருக்கும் இடத்தில், அவர் நின்று பாடுவது போல வரும். குரல் பரவலாகக் கலைந்து தெரிந்தாலோ ஒரு பக்கமாக ஒதுங்கினாலோ வயரையும் இடத்தையும் மறுபடி பாருங்கள். கடையிலும் இதே பாட்டைப் போட்டுக் கேளுங்கள். கடைக்காரர் தாம் வைத்திருக்கும் அதிரடிப் பாட்டைப் போட்டால் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும்.

தறிவீட்டு மகள்

நொய்யல்கரை அண்ணாவுக்கும் கோபி ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. ஊஃபர் பெட்டி மூலையில் இருக்கிறது என்று அண்ணா பார்க்காமலே சொன்னது எங்களை வியக்க வைத்தது. அதை மூலையிலிருந்து இழுத்து, ஒலியையும் பாதியாகக் குறைத்தேன். உடனே வித்தியாசம் தெரிந்தது. இரண்டு ஐயங்கள் உண்டு. அப்பாவுக்குச் சொல் தெளிவாக வேண்டுமென்றால் ட்ரெபிளை (உச்ச ஒலியை) முழுவதும் ஏற்றி வைப்பது நல்லதா? தம்பி தனி ஊஃபர் இல்லாமல் நாதசுரக் கச்சேரியில் தவில் எடுபடாது என்கிறான், அது உண்மையா?

காவிரிக்கரை ஆசிரியர் (ஈரோடு)

சகோதரிக்கு வணக்கம். முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்லலாமா? என் தந்தையும் நூற்பாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்; அவரோடு இதே வழியில் நடந்திருக்கிறேன்.

பல மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தால் செவியின் உட்பகுதியில் உள்ள நுண்ணிய மயிரணுக்கள் அழிகின்றன, அவை மீண்டும் முளைப்பதில்லை. தறிக்குடோனில் இரைச்சல் அந்த எல்லையை எளிதில் தாண்டும். இப்படி வரும் குறை முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில்தான் விழுகிறது. பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலி அதற்குக் கீழே, வலுவாக இருக்கிறது. ச, த, ட போன்ற மெய்களின் கூர்மை 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் பெரும்பாலும் இருக்கிறது. எனவே பாட்டும் இராகமும் காதில் விழும், சொல் மட்டும் நழுவும். உங்கள் அப்பா சொன்ன வாக்கியத்தைப் படித்தபோது என் தந்தையின் நினைவுதான் வந்தது.

ஆனால் ட்ரெபிளை முழுவதும் ஏற்றுவது தீர்வாகாது. இந்த வகைக் குறை உள்ளவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது, அதே ஒலி சற்று உரத்துவிட்டால் எரிச்சலூட்டும். நடுவே உள்ள இடைவெளி குறுகிவிடுகிறது. இரண்டு மூன்று டெசிபல் அளவுக்கு மட்டும் ஏற்றி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிறுத்துங்கள். அதைவிடப் பயன் தருவது தாழ்ந்த ஒலியைக் குறைப்பது. உரத்த தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை மூடி மறைக்கும் இயல்புடையது. நீங்கள் ஊஃபரைக் குறைத்ததும் வித்தியாசம் தெரிந்ததற்கு இது முக்கியக் காரணம்.

ஸ்பீக்கர் வாங்கப் போகும் அதே நாளில் அவருடைய செவித்திறனையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். என் தந்தை செவித்துணைக் கருவிக்கு ஒப்புக்கொள்ள நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டுகளை நாங்கள் வீணாக்கினோம் என்று இப்போது வருந்துகிறேன். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன்: இப்போது தறி ஓட்டும் உங்கள் தம்பி காதடைப்பான் அணிகிறாரா? இல்லையென்றால் இன்றே வாங்கிக் கொடுங்கள், சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

நொய்யல்கரை (கோவை)

ஆசிரியர் சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை. தவிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாதசுரம் எவ்வளவு கீழே இறங்கினாலும் 100 ஹெர்ட்ஸை நெருங்குவதில்லை. சுந்தராம்பாள் அவர்களின் குரலும் அப்படியே. தவிலின் இடந்தலை முழக்கத்துக்கு அடிப்பகுதி வேண்டும் என்றாலும், நான்கைந்து அங்குல ஊஃபர் 60 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும் என்பதால் அதில் பெரும்பகுதி வந்துவிடும். தவிலை உயிரோடு காட்டுவது வலந்தலையில் விழும் விரல் கூடுகளின் அடிதான், அது ட்வீட்டரின் வேலை. தம்பிக்கு ஆசை குறையாவிட்டால் பின்னாளில் ஒரு சிறிய ஊஃபரைச் சேர்த்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வேலை செய்யும்படி அமைக்கலாம்.

தறிவீட்டு மகள்

நடந்ததைத் தெரிவிக்கிறேன். சென்ற வெள்ளிக்கிழமை அப்பாவையும் அழைத்துக்கொண்டு கோவை போய் வந்தோம். ஒரு கடையில் மூன்று ஜோடிகளில் அதே பழைய பதிவைப் போடச் சொன்னோம். கடைக்காரர் பொறுமையானவர், அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரே பாட்டை மூன்று முறை கேட்டார். கடைசியில், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த நான்கு அங்குல ஜோடியைக் கை காட்டினார். இன்னொரு ஜோடியில் நாதசுரம் இன்னும் பெரியதாக ஒலித்ததாக எனக்குத் தோன்றியது, ஆனால் தேர்வு அவருடையது என்பதால் நான் பேசவில்லை. மிஞ்சிய பணத்தில் வெல்டிங் பட்டறையில் தாங்கிகள் செய்தோம். கட்டிலில் உட்கார்ந்தால் அப்பாவின் காது 38 அங்குல உயரத்தில் இருக்கிறது.

முதல் நாள் குரல் நடுவில் நிற்கவில்லை, இடப் பக்கம் சாய்ந்தே இருந்தது. வயரெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால் வலப் பெட்டிக்கு அருகே திறந்த ஜன்னல் இருந்தது, இடப் பக்கம் வெறும் சுவர். ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்து, இடச் சுவரில் பஞ்சு மெத்தையைச் சாய்த்த பிறகு குரல் நடுவுக்கு வந்தது. அப்பா எழுந்து போய் இரண்டு பெட்டிக்கும் நடுவே இருந்த சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரே ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

செவிப் பரிசோதனைக்கு அடுத்த புதன்கிழமை போகிறோம். தம்பி காதடைப்பான் போட ஒப்புக்கொண்டான். ஊஃபர் பேச்சைத் தீபாவளிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.